வலைக்கண் பதிந்த வாசல்

"சீமெந்தில விழுந்தா பலகையில விழுந்த மாதிரி இல்லை. அது விட்டுக்குடுக்காது."

என் கணவர் இதை ஒருமுறைதான் சொன்னார். அதுவும் கோபத்தில் சொன்னது. ஆனால் அந்தப் பேச்சு என் தலைக்குள் குடியேறிவிட்டது. சோறு வடிக்கும்போதும் அதுதான், உடுப்புக் காயப்போடும்போதும் அதுதான். எங்கள் வீட்டு முன்பக்கத்துப் பலகைத்தட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கொங்கிறீற்று விறாந்தையும் அதிலிருந்து கேற்வரை ஒரு நடைபாதையும் போடுவது என்று முடிவெடுத்தவள் நான். அவர் அதில் விழுந்தால் விழுத்தினவளும் நான்தான்.

எங்கள் வீடு திருகோணமலையில், உள்துறைமுகத்தைப் பார்த்த ஒரு சரிவில் இருக்கிறது. மேல்வளவுகளின் மழைவெள்ளமெல்லாம் எங்கள் முற்றத்தால் இறங்கித்தான் கடலுக்குப் போகும். கல்யாணம் முடித்த புதிதில், ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போன, உடைத்து விற்ற ஒரு பழைய பாதைப்படகின் பலகைகளை வாங்கி வந்து, நிலத்தில் கட்டைகளை நட்டு, அவற்றின் மேல் இந்தத் தட்டையும் பாதையையும் அவர்தான் அடித்தார். வெள்ளம் கீழால் போகும், நாங்கள் மேலால் போவோம். எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவில் எல்லோரும் அதை, கப்பல் தட்டைச் சொல்வது போல, 'டெக்' என்றே சொல்வார்கள். அவரே அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்.

அவர் துறைமுகத்தில் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். லோஞ்ச்காரர்கள் பலகையில் செருப்போடு ஏறமாட்டார்கள். ஈரப்பலகையில் வெறுங்காலுக்குத்தான் பிடி இருக்கும் என்பார்கள். அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். கேற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பலகையில் கால் வைப்பார். வருகிறவர்களையும் விடமாட்டார். கிராம சேவகர் கையில் கோப்போடு வந்து நின்றபோதும், "இது டெக், செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்றார். என்னுடைய சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கோயிலுக்குள் கூட இவ்வளவு கெடுபிடி இல்லை என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பின்னேரங்களில் அவர் தட்டின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வெறும் தேத்தண்ணியோடு துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் வீட்டில் நெருப்புப் பிடித்தாலும் அவருக்குத் தெரியாது.

போன மாரியில் பலகைகள் உக்கத் தொடங்கின. அவருக்கும் அது தெரியும். "இன்னும் ரெண்டு மாரி தாங்கும்" என்றார். அந்த மாரிக்கே தாங்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில் நடுப்பாதையில் ஒரு பலகை முறிந்து, அவருடைய வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. நான் ஓடிவந்து பார்த்தபோது, பாதி மனிதர் பலகைக்கு மேலும் பாதி கீழுமாக இருந்தார். சத்தம் போடவில்லை. "கத்தாத, ஆக்கள் வந்திடுவினம்" என்று எனக்குத்தான் சொன்னார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை முடிந்து, வோக்கரோடு வீட்டுக்கு வந்தார். வரும்போது டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நடக்க வைக்கவேணும். நடக்காட்டி படுக்கைதான். படுத்தா, பிறகு எழுப்ப ஏலாது" என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டின தலை இன்னும் நிற்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

வீட்டுக்குள் நடந்தார். கட்டிலிலிருந்து குசினி, குசினியிலிருந்து முன்வாசல். வாசல்நிலையில் வோக்கர் தட்டியதும் நின்றுவிடுவார். கைப்பிடியில் அவருடைய விரல்கள் இறுகி வெளுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். "வெளியில என்ன கிடக்கு?" என்று திரும்பிவிடுவார். எனக்கு அப்பாடா என்றிருக்கும். அந்தப் பலகையில் அவர் திரும்பக் கால் வைப்பதை என்னாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிறகு வாசலுக்கு வருவதும் நின்றது. குசினிக்கு வருவதும் குறைந்தது. தேத்தண்ணியைக் கட்டிலடிக்கே கொண்டுவரச் சொன்னார். வீடு அவருக்கு அறை அறையாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. அடுத்தது கட்டில்தான் மிச்சம் என்று கணக்குப் பார்க்க எனக்குப் படிப்புத் தேவைப்படவில்லை.

அப்போதுதான் வீடு கட்டும் மேசன் ஒருவரைக் கூப்பிட்டேன்.

மேசன் கிண்ணியாவில் இருந்து வந்தவர். அவர் என்னை அக்கா என்பார், முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்பேன். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது வேலை முடியும்வரை தீரவில்லை. நல்ல மனிதர், ஆனால் என்னிடம் அகப்பட்டுப் படாத பாடு பட்டார். வெள்ளம் எங்கால் போகும் என்று கேட்டேன். நடைபாதைக்குக் கீழே பெரிய குழாய்கள் வைக்கிறேன் என்றார். குழாய் அடைத்தால் என்று கேட்டேன். அடைக்காது என்றார். அடைத்தால் என்று மறுபடியும் கேட்டேன். படி ஒன்றும் வேண்டாம், வாசலிலிருந்து கேற்வரை ஒரே சாய்வாக இறங்கவேண்டும், ஆனால் சாய்வு தெரியக்கூடாது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். மணல் வந்து இறங்கியபோது, கடல்மணலைக் கலந்திருப்பார்களோ என்று ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"என்னக்கா, உப்புக் காணுமா?" என்றார்.

"உப்பு இல்லை. அதுதான் பார்த்தனான்" என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவர் வேலை தொடங்க முன் மணற்குவியலைக் காட்டி, "அக்கா, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பார்.

பலகைகளைக் கழற்றிய நாளில் என் கணவர் யன்னலடியில் கதிரையைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். ஒவ்வொரு ஆணியும் கிறீச்சிட்டு வெளியே வரும்போது அவருடைய தாடை அசையும். கீழே மண்ணுக்குள் நாங்கள் தொலைத்த தேக்கரண்டிகளும் ஒரு சாவிக்கொத்தும் கிடந்தன. "பாருங்கோ, அலுமாரித் திறப்பு!" என்று காட்டினேன். அவர் திறப்பைப் பார்க்கவில்லை. அப்போதுதான் சீமெந்து விட்டுக்கொடுக்காது என்று சொன்னார். அதோடு என்னுடன் கதைப்பதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார். ஓம், இல்லை, சுடுதண்ணி. இவ்வளவுதான்.

ஐப்பசி பிறக்க முன் கொங்கிறீற்றைப் போட்டுவிடவேண்டும் என்று நான் துடித்தேன். மாரி பிடித்தால் எல்லாம் போச்சு. மழையை விட்டால் மான்கள். இந்த ஊரில் மாடு ஆடு மாதிரி மான்களும் தெருவில் திரிகின்றன. பொழுதுபட ஒழுங்கைக்குள் வந்து, எட்டுகிறதை எல்லாம் மேய்ந்துவிட்டுப் போகும். என் கத்தரிக்கன்றுகளைச் சுற்றி ஒரு பழைய கரைவலையைக் கட்டி வைத்திருந்ததும் அதற்காகத்தான். ஈரக் கொங்கிறீற்றில் ஒரு மான் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து, கேற்றுக்குக் கயிறு, மதிலுக்கு முட்கிளை என்று ஏதோ யுத்தத்துக்கு ஆயத்தப்படுகிறவள் போல நின்றேன்.

கொங்கிறீற்றுப் போட்ட நாள் காலையில் வெயில் நன்றாகத்தான் எறித்தது. மத்தியானத்துக்குப் பிறகு மூதூர்ப் பக்கம் வானம் கறுத்தது. மேசனும் அவருடைய ஆட்களும் நடைபாதையையும் விறாந்தையையும் கொட்டி மட்டப்பலகையால் இழுத்து முடித்திருந்தார்கள். நான் குசினியில் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால், விறாந்தையின் ஒரு மூலை பளபளவென்று மின்னிக்கொண்டிருக்கிறது. மேசன் சீமெந்துத் தூளைத் தூவி, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து மினுக்கிக்கொண்டிருந்தார்.

"முகம் பார்க்கலாம் அக்கா" என்றார். அவருடைய முகத்தில் அவ்வளவு பெருமை.

நான் தேத்தண்ணித் தட்டத்தோடு கிட்டப் போனேன். "முகம் பார்க்க அலுமாரியில கண்ணாடி இருக்கு நானா! இதில வோக்கரோட ஒரு மனுசன் நடக்கவேணும். மழைத்தண்ணி பட்டா என்ன ஆகும்?"

அவர் கரண்டியை எடுத்தார். மேசன்மாருக்கு மினுக்கம்தான் மானம் என்பது எனக்குத் தெரியும். தன் வேலையைச் சொரசொரப்பாக விட்டுப்போக அவருக்கு மனம் வராது. ஆனாலும் சண்டை பிடிக்கவில்லை. "அப்ப ஒண்டு செய்வம். ஈர்க்கு விளக்குமாறால ஒரு இழுப்பு இழுத்துவிடுவம். வரி வரியா வந்திடும், வழுக்காது. எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் செய்யிற" என்று சொல்லிக்கொண்டே, மதிலோடு சாத்தியிருந்த என் முற்றம் கூட்டும் விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டார்.

"வேண்டாம்!" என்று நான் கத்தின கத்தலில் அவருடைய ஆள் ஒருவர் வாளியைக் கீழே போட்டுவிட்டார்.

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டினவள் நான். விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டக்கூடாது என்று யாரும் சொன்னால், குப்பைக்கு நேரம் தெரியுமா என்று கேட்டவள். தபாற் கந்தோரில் வேலை செய்த காலமெல்லாம் இப்படிப்பட்ட கதைகளைச் சிரித்துத் தள்ளினேன். ஆனால் அன்றைக்கு, எங்கள் முன்வாசலில் விளக்குமாற்றின் தடத்தை என்றைக்கும் அழியாமல் பதித்துவைப்பதை என் உடம்பு ஏற்கவில்லை. விளக்குமாறு வாசலில் கிடந்தால் சீதேவி போய்விடும் என்று அம்மா சொன்னது, ஏதோ அப்போதுதான் காதுக்குள் சொன்னது போலக் கேட்டது. ஏற்கெனவே ஒருமுறை விழுந்த மனிதர். இன்னொருமுறை விழுந்தால், அந்த வரிகளை நான் ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டே சாகவேண்டும்.

"அக்கா, உங்கட பழக்கவழக்கம் எனக்கு விளங்குது. நான் குறை சொல்லயில்ல" என்றார் மேசன் பொறுமையாக. "ஆனா சீமெந்து நம்மட கதைக்கு நிக்காது. இறுகுது. மழையும் வருது. மினுக்கவா, கோடு இழுக்கவா? கெதியாச் சொல்லுங்க."

மினுக்கினால் வழுக்கும், கீறினால் மனம் கொல்லும். விறாந்தை ஓரத்தில் தேத்தண்ணித் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டேன்.

"அந்த வலையைக் கழட்டு."

யன்னலுக்குள் இருந்து என் கணவருடைய குரல். பல நாட்களுக்குப் பிறகு சுடுதண்ணியைத் தவிர வேறு ஒன்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

"எந்த வலை?" என்றேன்.

"கத்தரிக்குக் கட்டின வலை. கரைவலையில மீன் சேருற மடி அது, நூல் தடிப்பு. அதை விரிச்சு, மேல பலகையை வைச்சு அமத்தச் சொல்லு. பதிஞ்ச பிறகு ஒரு கரையால எடுக்கவேணும். இழுக்கக்கூடாது, உரிக்கவேணும்."

மேசன் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே கத்தரிப் பாத்திக்கு ஓடிவிட்டேன். முடிச்சுகளை அவிழ்க்க நேரமில்லை, அரிவாளால் அறுத்தேன். தூரத்தில் இடி உருண்டது. வலையை நனைத்து, நான்கு பேராக விரித்துப் பிடித்து, கொங்கிறீற்றின் மேல் இறக்கினோம். வோக்கர் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், அவர் முன்வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"வலப்பக்கம் சுருங்குது, இழுத்துப் பிடி... ஆ, விடு, விடு. இப்ப அமத்து. நடுவில இருந்து கரைக்குப் போ" என்று லோஞ்சில் நின்று கயிறு வாங்குகிற ஆளைப் போலக் கத்தினார். மேசன் குனிந்தபடியே, "சரிங்க கப்டன்" என்றார். உரிக்கும்போது நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். வலை வந்துகொண்டே இருந்தது. அது விட்டுப்போன இடத்தில், வாசலிலிருந்து கேற்வரை வலைக்கண்கள் கண் கண்ணாகப் பதிந்து கிடந்தன.

மழை பொடிப்பொடியாகத் தொடங்கமுன் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடிவிட்டோம். மேசனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான். சுவரோரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தான் மினுக்கியதை விட்டுவைக்கட்டுமா என்று கேட்டார். விட்டுவையுங்கோ நானா என்றேன். வலை இல்லாத என் தோட்டத்துக்குள் அன்றிரவு மான்கள் வந்து, கத்தரியை ஒரு இலை மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போயின. கொங்கிறீற்றில் ஒன்றும் கால் வைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மான்களை நான் திட்டவில்லை.

சாக்குகளை விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். நடைபாதையோரம் இரும்புக் குழாயில் கைப்பிடியும் வந்தது. அதுவரை குசினிக் கதவால்தான் போக்குவரத்து. பின்னால் வார் வைத்த, அடி சொரசொரப்பான செருப்பொன்றை அவருக்கு வாங்கி வாசலில் வைத்தேன். பிறகு காத்திருந்தேன்.

அவர் வரவில்லை.

வலையைப் பதித்த அன்று எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். "இறுகட்டும்" என்றார். இறுகிவிட்டது என்று மேசனே வந்து சொன்னார். "இன்னும் கொஞ்சம் இறுகட்டும்" என்றார். பிறகு வெயில் என்றார். பிறகு இடுப்பு உளைகிறது என்றார். வாசல்நிலைவரை வருவார், நிற்பார், வலைக்கண்களைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் நடந்து காட்டினேன். செருப்போடு நடந்தேன், செருப்பில்லாமல் நடந்தேன். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி நடந்தேன். கடைசியில் அவருடைய வோக்கரை எடுத்துக்கொண்டு கேற்வரை போய் வந்தேன். ஒழுங்கையால் போன ஒரு பெண், "ஐயோ, உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். நான் என்னவென்று சொல்வது? அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "உனக்கு இடுப்பு முறியேல்லை" என்று மட்டும் சொன்னார்.

அது உண்மைதான். அன்றைக்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். கொங்கிறீற்றுப் போட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தது என் மடத்தனம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். டொக்டர் சொன்னது நடக்கப்போகிறது, இந்த வாசலால் அவரை இனி நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் போவார்கள் என்று நினைத்தேன். அதை நினைத்தபடி மீன் கழுவினேன், விளக்கு வைத்தேன்.

மாரி தொடங்கிச் சில நாட்களில், ஒரு பின்னேரம் நான் சந்தைக்குப் போனேன். போகும்போது வானத்தில் ஒன்றுமில்லை. திரும்பும்போது கொட்டத் தொடங்கியது. சும்மா மழையில்லை, எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மழை. ஓட்டோ ஒன்றும் நிற்கவில்லை. கடையொன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். தொலைபேசியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். மழை விடுகிற மாதிரி இல்லை. அவர் தனியே. குழாய் அடைத்திருந்தால்? வெள்ளம் வாசலுக்குள் வந்திருந்தால்? யன்னலைச் சாத்த எழும்பி, நனைந்த தரையில் கால் வைத்திருந்தால்? நிற்க முடியவில்லை. பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தேன், பிறகு ஓடினேன். என் வயதில் ஓடுவது என்றால் எப்படி என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஒழுங்கை முடக்கில் திரும்பியதும் கண்டேன். எங்கள் கேற்றடியில் ஒருவர் நிற்கிறார். வோக்கர் இல்லை. ஒரு கையில் கைப்பிடிக் குழாய், மற்றக் கையில் விரித்த குடை. குடை காற்றில் ஒருபக்கமாக மடிந்து, சாரம் தொப்பலாக நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"எங்க போனனீ இவ்வளவு நேரமும்?" என்று கத்தினார். "மழைக்குள்ள வழுக்கி விழுந்திட்டியோ எண்டு நான் பயந்து போனன்! போனையும் வைச்சிட்டுப் போயிருக்கிறாய்!"

"நீங்களோ என்னைக் கேக்கிறியள்? வோக்கர் எங்க? உங்களை ஆர் வெளியில வரச் சொன்னது? விழுந்திருந்தா?" என்று நானும் கத்தினேன். மழைக்குள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நின்றோம். நான் அழுவது அவருக்குத் தெரிந்திருக்காது, முகமெல்லாம் தண்ணீர்தான்.

"எவ்வளவு நேரமா இதில நிக்கிறியள்?"

"இப்பதான் வந்தனான்" என்றார்.

அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் கையை விரித்துக்கொண்டு போனேன். கீழே குழாய்களுக்குள் வெள்ளம் இரைந்து ஓடுவது கேட்டது. கைப்பிடியை ஒருமுறை விட்டு, மறுபடி பிடித்தார். வாசலுக்கு வந்தபோதுதான் பார்த்தேன், நான் வாங்கிக்கொடுத்த செருப்பு நிலையோரத்தில் அப்படியே சோடியாக இருந்தது. அவர் வெறுங்காலோடுதான் போயிருக்கிறார்.

கதிரையில் உட்காரவைத்து, துவாயால் தலையைத் துவட்டிவிட்டு, காலைத் துடைக்கக் குந்தினேன். தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்த இரண்டு உள்ளங்கால்களிலும், குதியிலிருந்து விரல்வரை, வலைக்கண்கள் கண் கண்ணாக ஆழமாய்ப் பதிந்திருந்தன. கையால் தேய்த்துப் பார்த்தேன், மறையவில்லை. இப்போதுதான் வந்த ஒருவருடைய கால்கள் இல்லை அவை.